பெட்டிக்கும் ஒரு நாடு உண்டு

“ஆழம் தெரியாமல் காலை விடாதே” என்று பெரியவர்கள் சொல்ல, நாமும் கேட்டு வளர்ந்தோம். கேட்டோமே தவிர, கடைப்பிடித்தோமா? நான் கடைப்பிடிக்கவில்லை. முதுகலை வகுப்பில் விஞ்ஞானம் படிக்கும் மாணவன் ஒருவன், முந்நூறு ரூபாய்ப் பெட்டி ஒன்றின் முன் தோற்று நின்ற கதையை இங்கே சொல்லப் போகிறேன். தோற்றதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. அத்தோல்வி எனக்குக் கற்பித்ததை, நம் தமிழ் மாணவத் தோழர்கள் பணமும் பொழுதும் இழக்காமலே கற்றுக்கொள்ளலாம் அல்லவா?

பெட்டி என்று நான் சொல்வது வைஃபை ரூட்டரை. நம் விடுதிகளில் அது இல்லாத தாழ்வாரம் இல்லை. அதனுள் குடியிருந்து அதை ஆட்டுவிக்கும் நிரலுக்கு ஃபர்ம்வேர் என்று பெயர். கம்பெனி வைத்து அனுப்பிய அந்த நிரலை நீக்கிவிட்டு, பல நாட்டு ஆர்வலர்கள் கூடி எழுதி இலவசமாக வழங்கும் வேறொரு நிரலை ஏற்றுவது நம் மாணவரிடையே பரவி வரும் பழக்கம். நல்ல பழக்கமே. ஆனால் ஏற்றிய மறுநாளே, “ஐயோ, சானல்களைக் காணோமே!” என்னும் கூக்குரலும் எழுகிறது. காணாமற்போன சானல்களை மீட்கப் பலரும் கையாளும் குறுக்குவழி ஒன்று உண்டு. அந்தக் குறுக்குவழி தவறு என்பதைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

மலை மேல் ஒரு வீடு

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா, கல்லாறு வழியாக ஏறத்தாழ 60 கிலோமீட்டர் சென்றால் பொன்முடி. கல்லாற்றைக் கடந்ததும் 22 கொண்டை ஊசி வளைவுகள். உச்சி, கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,100 மீட்டர். உல்லாசமாக வருபவர்கள் மூடுபனியைப் படம் பிடித்துக்கொண்டு மாலைக்குள் இறங்கிவிடுவார்கள். அவர்கள் கண்ணில் படாத பொன்முடி ஒன்று உண்டு. அது தேயிலைத் தோட்டத்துப் பொன்முடி. லயங்களில் தமிழ் பேசும் பொன்முடி.

என் தாய்மாமன் அங்கேதான் இருக்கிறார். எங்கள் குடும்பம் நெல்லைச் சீமையிலிருந்து பிழைக்க வந்த குடும்பம். சிலர் மலையேறினார்கள், சிலர் நகரத்துச் சாலைக் கடைத்தெருவில் தங்கினார்கள். மாமன் மகள் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். அதே லயத்தில் இன்னும் இரண்டு பிள்ளைகள் அவளுடன் சேர்ந்து படிக்கிறார்கள். மாமன் வீட்டில் ஓர் இணைய இணைப்பு உண்டு. ஆனால் பழைய காலத்துக் கல்சுவர் கெட்டியானது. முதல் வீட்டில் உள்ள பெட்டியின் அலை கடைசி வீட்டை எட்டுவதில்லை. பிள்ளைகள் மூவரும் ஒரே அறையில் நெருக்கிக்கொண்டு உட்கார வேண்டும். கடைசி வீட்டுப் பையன் இரவில் மழைக்குள் நனைந்து வந்து போவான்.

“மருமவனே, நீ இதைத்தானே படிக்கிற? ஒரு வழி பண்ணு” என்றார் மாமா.

பண்ணாமல் இருப்பேனா? சாலைக் கடைத்தெருவில் பழைய ரூட்டர் ஒன்று வாங்கினேன். யாரோ வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து கழித்துவிட்டது அது. விடுதியில் வைத்து அதன் பழைய நிரலைத் துடைத்துவிட்டுப் புதிய நிரலை ஏற்றினேன். படிப்பின் பெருமிதம் நெஞ்சில் நிறைய, கேரள அரசுப் பேருந்தில் 22 வளைவுகளும் ஏறிப் போய், மாமா வீட்டில் அதைச் செருகினேன்.

விளக்கு எரிந்தது. ஆனால் 5 ஜிகாஹெர்ட்ஸ் பகுதி வாயைத் திறக்கவில்லை. 2.4 ஜிகாஹெர்ட்ஸ் பகுதியில் 11 சானல்கள் இருந்தன. 12, 13 இரண்டையும் காணோம்.

“என்ன மருமவனே, பெட்டி செத்துப் போச்சா?” என்றார் மாமா.

செத்துப் போகவில்லை. அது தன் நாட்டை அறியாமல் விழித்துக்கொண்டிருந்தது.

சானல் என்பது யாது?

வைஃபை என்பது ஒரு வகை வானொலிதான். 2.4 ஜிகாஹெர்ட்ஸ் பகுதியில் ஐந்து ஐந்து மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் சானல்களைக் குறித்திருக்கிறார்கள். முதல் சானலின் நடு அதிர்வெண் 2412 மெகாஹெர்ட்ஸ். 13-ஆம் சானலுக்கு 2472. ஒவ்வொரு பேச்சும் ஏறத்தாழ 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தை அடைத்துக்கொள்ளும். ஆகையால் அடுத்தடுத்த சானல்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி மிதிக்கும். மோதாமல் இருக்க வேண்டுமானால் 1, 6, 11 என்று விலகி நிற்க வேண்டும். 5 ஜிகாஹெர்ட்ஸ் பகுதியில் இடம் தாராளம். அங்கே 36 முதல் 48 வரை ஒரு கூட்டம், 52 முதல் 64 வரை ஒரு கூட்டம், 100 முதல் 144 வரை ஒரு கூட்டம், 149-க்கு மேல் ஒரு கூட்டம்.

இவற்றுள் எவற்றை எவர் பயன்படுத்தலாம் என்பது நாட்டுக்கு நாடு வேறு. அமெரிக்காவில் விற்கும் பெட்டிகள் 11-ஆம் சானலோடு நின்றுவிடும். நம் நாட்டில் 13 வரை உண்டு. 14-ஆம் சானல் ஜப்பானுக்கு மட்டும் உரியது. அங்கும் பழைய முறையிலான ஒலிபரப்புக்கு மட்டுமே.

இந்த உரிமையும் வானத்திலிருந்து விழுந்ததன்று. 1933-ஆம் ஆண்டுக் கம்பியில்லாத் தந்திச் சட்டத்தின்படி, உரிமச் சீட்டு இல்லாமல் ஒரு கருவியை வைத்திருப்பதே குற்றமாக்கப்பட்டது. நம் பாட்டனார்கள் வீட்டு ரேடியோவுக்குத் தபால் நிலையத்தில் ஆண்டுதோறும் பணம் கட்டினார்கள். அந்த ஏற்பாடு 1980-களின் நடுவில்தான் ஒழிந்தது. 2005-ஆம் ஆண்டில்தான் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் பகுதியை உரிமச் சீட்டு இல்லாமல் எவரும் பயன்படுத்தலாம் என்று மத்திய அரசு அறிவித்தது. 5 ஜிகாஹெர்ட்ஸ் பகுதி சிறிது சிறிதாகத் திறந்து, 2018-ஆம் ஆண்டு அக்டோபரில் வெளியான அறிவிப்பால் விரிந்தது. ஆக, நமக்குக் கிடைத்திருப்பது வரம்புள்ள உரிமை. இன்ன அலை, இன்ன வலிமை, பிறருக்கு இடையூறு இன்மை என்னும் வரம்புகள் அதற்கு உண்டு.

தொலைந்தது ஏன்?

புதிய நிரல் ஏறியதும் பெட்டி, “நான் எந்த நாட்டில் இருக்கிறேன்?” என்று கேட்கிறது. நாம் விடை சொல்லாவிட்டால், தன்னை ‘00’ என்னும் பெயரில்லா நாட்டில் இருப்பதாகக் கொள்கிறது. எந்த நாட்டிலும் குற்றம் ஆகாதவாறு நடக்க வேண்டும் என்பதே அந்த நாட்டின் விதி. எனவே 12, 13-இலும் 5 ஜிகாஹெர்ட்ஸ் பகுதியிலும் அது காது கொடுத்துக் கேட்கலாம். தானாகப் பேச்சைத் தொடங்கக் கூடாது. பிறர் பேசினால் அதை ஒட்டிப் பேசலாம்.

இதைப் படித்துணர்ந்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. வேற்று மண்ணுக்கு வந்த நம் குடும்பங்களும் இப்படித்தானே நடந்துகொண்டன? முதலில் கேட்டோம். மலையாளம் பழகினோம். பிறகே வாய் திறந்தோம்.

நிற்க. அமைப்புப் பக்கத்தில் நாடு என்னும் இடத்தில் இந்தியா என்று குறித்தேன். 5 ஜிகாஹெர்ட்ஸ் உயிர் பெற்றது. தோழர்களே, சானல் தொலைந்ததாகப் புலம்புவோரில் பெரும்பாலோர்க்கு மருந்து இந்த ஒரே சொல்தான். பெட்டியில் இரண்டு ரேடியோக்கள் இருந்தால் இரண்டுக்கும் அதே நாட்டைக் குறிக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

ஆனால் 12-ம் 13-ம் வரவில்லை. காரணம் வேறு. ரூட்டரின் நினைவகத்தில் பிறப்புச் சீட்டுப் போன்ற ஒரு சிறு பகுதி உண்டு. அந்த ரேடியோவின் அளவைத் திருத்தங்கள், அதன் முகவரி, அது எந்த நாட்டுச் சந்தைக்காகச் செய்யப்பட்டது என்னும் குறிப்பு ஆகியவற்றைத் தொழிற்சாலையிலேயே அதில் எழுதிவிடுகிறார்கள். புதிய நிரல் ஏற்றும்போது அந்தப் பகுதி அப்படியே இருக்கும், இருக்கவும் வேண்டும். என் பெட்டி அமெரிக்காவுக்காகப் பிறந்தது. சில வகை ரேடியோக்களில், நாம் சொல்லும் நாடும் பிறப்புச் சீட்டு சொல்லும் நாடும் ஆகிய இரண்டும் ஒப்புக்கொள்ளும் சானல்கள் மட்டுமே கிடைக்கும். இந்தியா 13 என்கிறது, அமெரிக்கா 11 என்கிறது, கிடைப்பது 11.

மூன்றாவது குறை, குறையே அன்று. 100 முதல் 144 வரையுள்ள சானல் ஒன்றைத் தேர்ந்தால் பெட்டி ஒரு நிமிடம் ஊமையாகிறது. நான் அதைப் பழுது என்று எண்ணி, மூன்று முறை மின்சாரத்தை அணைத்துப் போட்டேன். அணைக்க அணைக்க அந்த ஒரு நிமிடம் மீண்டும் முதலிலிருந்து தொடங்கியது! உண்மையில் அது என்ன செய்துகொண்டிருந்தது தெரியுமா? அந்த அலையில் ராடார் ஏதும் ஒலிக்கிறதா என்று உற்றுக் கேட்டுக்கொண்டிருந்தது. ராடார் ஒலி கேட்டால் அந்தச் சானலை விட்டு விலகி, அரை மணி நேரம் அங்கே திரும்பாது. அந்த அரை மணியில் நாம் பட்டியலைப் பார்த்தால் ஒரு சானல் ‘காணாமற்போயிருக்கும்’.

இவையன்றி வேறு காரணங்களும் உண்டு. பெட்டிக்கு உரியதல்லாத நிரலை ஏற்றியிருக்கலாம். மூன்று ரேடியோ உள்ள சில பெட்டிகளில் ஒன்று தாழ்ந்த 5 ஜிகாஹெர்ட்ஸ் சானல்களுக்கும், மற்றொன்று உயர்ந்தவற்றுக்கும் என்று தொழிற்சாலையிலேயே பிரித்திருப்பார்கள். எந்த நிரலாலும் அதை மாற்ற முடியாது. சில வேளைகளில் பெட்டி ஒழுங்காகப் பேசிக்கொண்டிருக்கும், கைபேசிக்குத்தான் காது கேளாது. அமெரிக்கச் சந்தைக்காகச் செய்த கைபேசி 13-ஆம் சானலைத் தேடாமல் இருக்கக்கூடும். குற்றம் பெட்டியின் மேல் வரும்.

நான் செய்த பிழை

இவ்வளவும் எனக்கு அன்று தெரிந்திருந்ததா? அரைகுறையாகத் தெரியும். அரைகுறை அறிவு செய்வதைத்தான் நானும் செய்தேன். நாட்டுப் பூட்டை உடைக்கும் திருத்தம் ஒன்று உண்டு என்று விடுதி நண்பர் ஒருவர் முன்பே கொடுத்திருந்தார். அதை ஏற்றினேன். அடடா! 12 வந்தது, 13 வந்தது, ஜப்பானியரின் 14 கூட வந்தது. வலிமையை உச்சிக்கு ஏற்றினேன். 5 ஜிகாஹெர்ட்ஸில் 124-ஆம் சானலைத் தேர்ந்தேன். ஒரு நிமிடக் காத்திருப்பு இல்லை. ஒரு நொடியில் பேசத் தொடங்கியது. நான் வென்றுவிட்டதாக நினைத்தேன்.

கடைசி வீட்டுக்கு அலை எட்டியதா? எட்டவில்லை. எப்படி எட்டும்? பெட்டி உரக்கக் கத்தினால் கைபேசிக்குக் கேட்கலாம். கைபேசி சொல்லும் மறுமொழி பெட்டிக்குக் கேட்க வேண்டாமா? கைபேசியின் குரல் சிறியது. பெட்டியின் குரலை எவ்வளவு உயர்த்தினாலும் கைபேசியின் குரல் உயராது. இது இளங்கலை முதலாண்டு மாணவனும் அறிந்த பாடம். ஆவலில் மறந்தேன்.

மாமா என் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். “பதிமூணு, பதினாலுன்னு என்னமோ தேடுதியே, அதெல்லாம் எதுக்கு?” என்று கேட்டார். பக்கத்து வீட்டுப் பெட்டிகளோடு மோதாமல் ஒதுங்கிப் போவதற்கு என்றேன்.

“இந்த மலையில நம்ம பெட்டி ஒண்ணுதான மருமவனே இருக்கு? போறதுக்கு ஒரு வழி போதாதா?”

எனக்கு விடை வரவில்லை. நகரத்து அடுக்கு வீட்டில் நாற்பது பெட்டிகள் கூச்சலிடும் இடத்தில் ஒரு சானல் மிகுதியாகக் கிடைத்தால் அது செல்வம். காட்டுக்கு நடுவே ஒரே ஒரு பெட்டி உள்ள லயத்தில் அதற்கு என்ன பயன்? எனக்கு வேண்டியிருந்தது அலை எட்டுவது. நான் தேடியது சானல். தொலைந்த பொருள் ஒன்று. தேடிய பொருள் மற்றொன்று.

அன்று பிற்பகல் மழை பிடித்துக்கொண்டது. பொன்முடி மழை என்றால் சாலையில் மண் சரியுமோ, கல்லாறு பெருகுமோ என்னும் கவலையும் சேர்ந்தே வரும். மாமா கைபேசியை எடுத்து வானிலைப் படம் பார்த்தார். பச்சையும் மஞ்சளும் சிவப்புமாக மழைமேகம் நகரும் ராடார் படம். “இன்னும் ஒரு மணி நேரம் இருக்கும்போல” என்றார்.

அந்தப் படத்தைப் பார்த்ததும் எனக்கு நெஞ்சில் சுருக்கென்றது.

தும்பா சொல்லும் பாடம்

பொன்முடியிலிருந்து நேர்க்கோட்டில் அளந்தால் 40 கிலோமீட்டருக்குள் இருக்கிறது தும்பா. 1963 நவம்பர் 21 அன்று இந்திய மண்ணிலிருந்து முதல் ஆய்வு ராக்கெட் எழுந்த இடம். இன்று அங்கே விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தில் சி-அலைவரிசை வானிலை ராடார் ஒன்றும் உண்டு. அவ்வகை ராடார்கள் பல நாடுகளில் 5600 முதல் 5650 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியில் இயங்குகின்றன. நான் திறந்துவிட்ட 124-ஆம் சானலின் நடு அதிர்வெண் என்ன? 5620 மெகாஹெர்ட்ஸ்!

ராடார் செய்வது என்ன? ஓர் அலையை வீசிவிட்டுக் காத்திருக்கிறது. தொலைவில் விழும் மழைத்துளிகளில் பட்டுத் திரும்பும் எதிரொலி மிக மிக மெல்லியது. அந்த மெல்லிய ஒலியைக் கேட்டுத்தான் எங்கே மழை, எவ்வளவு மழை, எத்திசையில் நகர்கிறது என்று அது சொல்கிறது. அந்த நேரத்தில் அதே அலையில் ஒரு வைஃபை பெட்டி பேசினால், அப்பெட்டி இருக்கும் திசையில் ராடார் படத்தில் ஒரு கோடு இழுத்தாற்போல் விழும். மழை இல்லாத இடத்தில் மழை தோன்றும். மழை உள்ள இடம் மறையும். இது கற்பனை அன்று. 2009-ஆம் ஆண்டில் போர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவான் நகர விமான நிலையத்துக்கான வானிலை ராடாரில், 5 ஜிகாஹெர்ட்ஸ் கம்பியில்லாக் கருவிகளால் இத்தகைய இடையூறு நேர்ந்ததை அமெரிக்க அதிகாரிகள் கண்டறிந்தார்கள். 2003-ஆம் ஆண்டு ஜெனீவாவில் கூடிய உலக வானொலி மாநாடு இந்த அலைகளை வைஃபைக்குத் திறந்துவிட்டபோதே, “ராடாரைக் கேட்டால் விலகு” என்னும் ஒழுக்கத்தையும் சேர்த்தே விதித்தது இதற்காகத்தான்.

என் ஒரு பெட்டியால் தும்பா ராடாருக்குத் தீங்கு வந்தது என்று நான் சொல்லவில்லை. கல்சுவருக்குள் இருந்த சிறு பெட்டி அது. ஆனால் நான் செய்ததை மலையெங்கும், நகரெங்கும் உள்ள மாணவர் எல்லோரும் செய்தால்? கிணற்றில் ஒரு கை குப்பை போட்டால் நீர் கெடுவதில்லை; ஊரே போட்டால்?

2017-ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வந்ததை நம்மில் யார் மறந்திருப்போம்? தூத்தூரும் சின்னத்துறையும் வள்ளவிளையும் பூந்துறையும் விழிஞ்ஞமும் அழுத அழுகை இன்னும் காதில் இருக்கிறது. தமிழ் பேசியவனும் மலையாளம் பேசியவனும் ஒரே கடலில் மாண்டார்கள். அன்று எச்சரிக்கை உரிய நேரத்தில் கடலில் இருந்தவர்களை எட்டவில்லை என்பதே கரையில் இருந்தவர்களின் தீராத வேதனை. எச்சரிக்கையின் அருமையை நம்மைவிட அறிந்தவர் யார்? அந்த எச்சரிக்கைக்குக் கண்ணாக இருக்கும் கருவியின் பார்வையில் மண்ணைத் தூவ, அதுவும் நமக்குத் தேவையே இல்லாத ஒரு சானலுக்காகத் தூவ, நம் கைக்கு எப்படி மனம் வரும்?

நான் எழுந்து பெட்டியின் கம்பியைப் பிடுங்கினேன்.

இரு பக்கத்துத் தவறு

இதைப் படித்துவிட்டு, “ஆகவே மாணவர்கள் ரூட்டரைத் தொடக் கூடாது; கம்பெனி கொடுத்ததைக் கைகட்டி ஏற்க வேண்டும்” என்று யாரும் முடிவு கட்ட வேண்டாம். அது என் கட்சி அன்று.

காசு கொடுத்து வாங்கிய பொருள் வாங்கியவனுக்கே உரியது. அதைத் திறந்து பார்ப்பதும் திருத்துவதும் அவன் உரிமை. கம்பெனிகள் இரண்டு மூன்று ஆண்டுகளில் பழைய பெட்டியைக் கைவிட்டுவிடுகின்றன. பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோகின்றன. குப்பைக்குப் போக வேண்டிய அந்தப் பெட்டியை இன்னும் பல ஆண்டுகள் வாழவைப்பது இந்த இலவச நிரல்களே. அவற்றின் வரலாறும் அறியத்தக்கது. லிங்க்சிஸ் நிறுவனம் விற்ற ஒரு ரூட்டருக்குள் லினக்ஸ் நிரல் இருப்பதை ஆர்வலர்கள் கண்டுபிடித்து, உரிம விதிப்படி மூல நிரலை வெளியிடுமாறு கேட்டார்கள். 2003-ஆம் ஆண்டில் அது வெளிவந்தது. அதன் மேல் எழுந்ததே 2004 ஜனவரியில் தொடங்கிய ஓப்பன்-டபிள்யூ-ஆர்-டி. கேள்வி கேட்டதனால் கிடைத்த செல்வம் அது.

2015-ஆம் ஆண்டில் அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம், ரேடியோ வரம்பைக் காப்பதற்காகப் பிற நிரல்களைத் தடுக்கும் வகை யாது என்று கம்பெனிகளைக் கேட்டது. பெட்டி முழுவதையுமே பூட்டிவிடுவது எளிய வழி என்று கம்பெனிகள் எண்ணிவிடும் ஆபத்து எழுந்தது. இணையத்தின் தந்தையருள் ஒருவரான வின்ட் செர்ஃப் முதலிய வல்லுநர் பலர் எதிர்த்து எழுதினார்கள். ஆணையம் தன் சொற்களைத் திருத்திக்கொண்டது. மறு ஆண்டு, 2016 ஆகஸ்டில், நாட்டை மாற்றி வலிமையைக் கூட்டிக்கொள்ள இடம் வைத்த பெட்டிகளை விற்றதற்காக டிபி-லிங்க் நிறுவனம் 2,00,000 டாலர் செலுத்த நேர்ந்தது. அதே உடன்பாட்டில், இலவச நிரல் எழுதுவோருடன் சேர்ந்து வழி காண்பதாகவும் அந்நிறுவனம் ஒப்புக்கொண்டது. என் கருத்தும் அதுவே. ரேடியோவுக்கு வரம்பு இருக்கட்டும், மற்றவை திறந்திருக்கட்டும்.

ரேடியோ வரம்பைச் சாக்கிட்டு முழுப் பெட்டியையும் பூட்டும் கம்பெனி ஒரு தவறு செய்கிறது. உரிமையைச் சாக்கிட்டு நாட்டைப் பொய்யாகச் சொல்லும் மாணவன் மற்றொரு தவறு செய்கிறான். கம்பெனியின் தவறைக் கண்டிக்கும் வாய் நமக்கு வேண்டுமானால், நம் தவறை முதலில் விட வேண்டும். “மாணவர் கையில் கொடுத்தால் வரம்பு மீறுவார்கள்” என்று பூட்டுக்காரர்கள் சொல்கிறார்கள். ஒவ்வொரு பொய் நாடும் அவர்கள் வழக்குக்கு நாம் கொடுக்கும் சாட்சி அல்லவா?

“விதி என்றால் மீறத்தானே?” என்று சிலர் கேட்பார்கள். மீற வேண்டிய விதிகளும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஒரு விதியை மீறுமுன், அது யாரைக் காக்க எழுந்தது என்று கேட்க வேண்டும். ஆள்வோரின் வசதியைக் காக்க எழுந்ததா? கடலில் இருப்பவனின் உயிரைக் காக்க எழுந்ததா? இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது பகுத்தறிவாகாது.

நாம் செய்யத்தக்கது

ஆகவே தோழர்களுக்கு நான் சொல்வது இது. நிரல் ஏற்றுமுன், பெட்டியின் பிறப்புச் சீட்டுப் பகுதியை ஒரு படி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அது அழிந்தால் ரேடியோவே குருடாகும். ஏற்றியதும் நாட்டை மெய்யாகச் சொல்லுங்கள். சானல் குறைந்தால் சினம் கொள்ளாமல் காரணத்தைத் தேடுங்கள். நாடு குறிக்கப்படவில்லையா? பிறப்புச் சீட்டு வேறா? ராடாருக்காகக் காத்திருக்கிறதா? அலையின் அகலத்தை மிகுதியாக வைத்ததால் பட்டியல் சுருங்கிற்றா? கைபேசியின் குறையா? இந்த ஐந்து கேள்விகளும் கேட்டால், மெய்யாகப் பழுதான பெட்டிகள் மிகச் சிலவே என்று தெரியும். எல்லாவற்றுக்கும் முன்னால், எங்கள் மாமா கேட்ட கேள்வியை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்: இது எனக்கு எதற்கு?

மற்றொன்றும் சொல்ல வேண்டும். எனக்குக் குறுக்குவழியைக் கொடுத்த நண்பர் கெட்டவர் அல்லர். காரணத்தைச் சொல்லித்தர அவருக்கும் எவரும் இல்லை. மருந்தின் பெயர் மட்டும் வாய்வழியாக விடுதி விடுதியாகப் பரவுகிறது. நோயின் விளக்கம் பரவுவதில்லை. நம் சங்கம் ஒரு மாலைப்பொழுதை இதற்கு ஒதுக்கலாகாதா? பழைய பெட்டிகளைக் கொண்டுவந்து மேசை மேல் வைத்து, முதுகலை மாணவர் நாலு பேர் தமிழிலேயே விளக்கினால், இளையவர்கள் குறுக்குவழியைத் தேடிப் போகமாட்டார்கள். கலை விழாவுக்கு மேடை போடுகிறோம். விஞ்ஞானத்துக்கு ஒரு மேசை போடக் கூடாதா?

பொன்முடிக் கதையின் முடிவைச் சொல்லி முடிக்கிறேன். அடுத்த வாரம் மீண்டும் மலையேறினேன். திருட்டுத் திருத்தத்தை நீக்கி, பெட்டிக்கு இந்தியா என்று மெய்யைச் சொன்னேன். 30 மீட்டர் கம்பி ஒன்று வாங்கி, லயத்தின் இறவாரத்தை ஒட்டி இழுத்து, கடைசி வீட்டுப் பலகை மேல் அந்தப் பெட்டியை உயரமாக வைத்தேன். முதல் வீட்டுப் பெட்டிக்கு 1-ஆம் சானல். கடைசி வீட்டுப் பெட்டிக்கு 6. வீட்டுக்குள் 5 ஜிகாஹெர்ட்ஸுக்கு 36. காத்திருப்பும் இல்லை, களவும் இல்லை.

அன்று இரவும் மழை பெய்தது. கடைசி வீட்டுப் பையன் நனையாமல் தன் வீட்டிலேயே உட்கார்ந்து படித்தான். மாமா வாசலில் நின்று, வானிலைப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.